பறவையின் ஆடுகளம், யானையின் வழி: சுரங்கத்துக்கு முன் நிலத்தை அளக்கும் இரண்டு முறைகள்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் மரமே இல்லாத புதர்வெளி கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிடக்கிறது. வசந்தகாலத்தில், பொழுது புலரும் முன்பே, சேஜ் கிரௌஸ் என்ற தரைப்பறவையின் சேவல்கள் அங்கே ஒரு திட்டில் கூடுகின்றன. வாலை விசிறிபோல் விரித்து, மார்பிலுள்ள இரண்டு மஞ்சள் காற்றுப்பைகளை உப்பவைத்து, குமிழி உடைவது போன்ற ஓசையோடு ஆடுகின்றன. பேடுகள் பார்த்துத் துணையைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆண்டுதோறும் பெரும்பாலும் அதே திட்டுக்குத்தான் வருகின்றன. அந்தப் புதர்வெளியின் அடியில் நிலக்கரி இருக்கிறது.

சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் ஆரண்யாவில் இருப்பது சால மரக்காடு. யானைகள் வந்துபோகும் காடு. அங்கும் அடியில் நிலக்கரிதான். தோண்டலாமா, கூடாதா என்று இரண்டு இடங்களிலும் சொல்ல வேண்டியது அரசு. எதை அளந்து சொல்கிறது என்பதில்தான் இரண்டு நாடுகளும் பிரிகின்றன.

அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சுரங்கச் சட்டம், சுரங்கத்துக்குத் தகுதியற்ற நிலங்களை ஒதுக்கிவைக்கச் சொல்கிறது. கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமான நிலக்கரியைக் குத்தகைக்கு விடுமுன், நிலப் பயன்பாட்டுத் திட்டம் தீட்டும்போதே, நில மேலாண்மைப் பணியகம் 20 அளவுகோல்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். கழுகுக் கூடு, வல்லூறு முட்டையிடும் பாறை, அழிவின் விளிம்பிலுள்ள உயிரினத்தின் வாழிடம், வெள்ளச் சமவெளி என்று பட்டியல் நீள்கிறது. 15ஆவது அளவுகோல் சேஜ் கிரௌஸின் ஆடுகளத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

இந்தியாவில் 2009–10இல் சுற்றுச்சூழல் அமைச்சகமும் நிலக்கரி அமைச்சகமும் ஒன்பது நிலக்கரி வயல்களைச் சேர்ந்து ஆராய்ந்தன. ஒரு பிளாக்கின், அதாவது சுரங்கத்துக்கென வரையறுத்த நிலத்துண்டின், மொத்தப் பரப்பில் காடு 30 சதவீதத்தைத் தாண்டினாலோ, அடர்த்தியைக் கணக்கில் கொண்ட காட்டளவு 10 சதவீதத்தைத் தாண்டினாலோ அது ‘நோ-கோ’, அதாவது சுரங்கம் கூடாத பகுதி. ஹஸ்தேவ் ஆரண்யா முழுவதும் அந்தப் பட்டியலில் இருந்தது.

இப்போது இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். வயோமிங்கின் புதர்வெளியை இந்திய அளவுகோலில் வைத்தால் காட்டின் அளவு ஏறத்தாழ பூஜ்யம்தான், தாராளமாகத் தோண்டலாம். சேவல்கள் ஆடும் திட்டு அந்தக் கணக்கில் வெறும் பொட்டல். ஹஸ்தேவ் யானைகளை அமெரிக்க அளவுகோலில் வைத்தால் வேறு விடை கிடைக்கிறது. அதே 15ஆவது அளவுகோல் எல்க் மான்களின் வலசை வழியையும் காக்கத் தகுந்ததாகச் சொல்கிறது. அந்த இடத்தில் யானையின் வழியை வைத்துப் பார்ப்பது கடினமல்ல. ஒன்று மரத்தின் நிழலை அளக்கிறது, மற்றொன்று விலங்கின் வாழ்க்கையை அளக்கிறது. காட்டுயிரைக் காப்பதுதான் நோக்கமென்றால் இரண்டாவதே சரியான அளவு. இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

ஆனால் அமெரிக்கப் பட்டியலில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு திட்டிவாசல் உண்டு. நீண்டகாலப் பெரும் பாதிப்பு இராது என்று மாநில அரசைக் கலந்து முடிவு செய்தால், ஆடுகளம் உள்ள நிலத்தையும் குத்தகைக்கு விடலாம். பொன்னாங்கழுகின் கூட்டை இடம் மாற்ற முடியும் என்று தீர்மானித்தாலும் விடலாம். கூடு என்பதை எடுத்து வேறிடத்தில் வைக்கும் பொருளாக நினைக்கும் அந்த ஒரு வரி என்னை மிகவும் தொந்தரவு செய்கிறது. தூரக் கணக்கிலும் இதே ஓட்டைதான். எண்ணெய், எரிவாயுக் குத்தகைகளில் ஆடுகளத்தைச் சுற்றிக் கால் மைல் விட்டால் போதும் என்பதே பல ஆண்டுகள் நடைமுறையாக இருந்தது. பேடுகளோ பெரும்பாலும் அங்கிருந்து நான்கு மைல் வட்டாரத்துக்குள் எங்கெங்கோ முட்டையிடுகின்றன. ஆடும் இடத்தைக் காத்துவிட்டு அடைகாக்கும் இடத்தைத் தோண்டினால் குஞ்சுகள் எங்கிருந்து வரும்?

இந்திய முறையில் இப்படி வளைக்க இடமிருக்கவில்லை. எண் என்றால் எண்தான். அதன் குறை வேறு: அந்தக் கோட்டுக்குப் பின்னால் சட்டம் எதுவும் இருக்கவில்லை. நிலக்கரித் தரப்பின் நெருக்கடியில் ‘நோ-கோ’ பகுப்பே கைவிடப்பட்டது. வன ஆலோசனைக் குழு மறுக்கச் சொல்லியும், 2011 ஜூனில் ஹஸ்தேவின் பர்சா கிழக்கு–காந்தா பாசன் சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அமைச்சர் அனுமதி கொடுத்தார். காட்டின் விளிம்பில்தானே இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2014இல் பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது; சுரங்கம் தொடர்ந்தது. 2023 டிசம்பரில் அடுத்த கட்டத்துக்காகப் போலீஸ் பாதுகாப்போடு மரங்கள் வெட்டப்பட்டன. நாட்டின் யானைகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே சத்தீஸ்கரில் இருக்கின்றன. யானை–மனித மோதலில் நேரும் மனித உயிரிழப்புகளிலோ 15 சதவீதத்துக்கும் மேல் அங்கே என்று இந்திய வனவுயிர் நிறுவனம் 2021இல் எச்சரித்திருந்தது. வழி அடைபட்ட யானை ஊருக்குள்தான் வரும்.

மக்களைக் கேட்பதில் இரண்டு நாடுகளிலும் ஏட்டளவில் குறையில்லை. மேல்நிலம் தனியாருடையது, அடியிலுள்ள நிலக்கரி அரசுடையது என்றால், அந்த நிலத்திலேயே வாழும் உரிமையாளரின் எழுத்துபூர்வச் சம்மதம் அமெரிக்காவில் வேண்டும். இங்கே 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு அந்த உரிமையைத் தருகிறது. ஹஸ்தேவ் கிராமத்தாரோ, தங்கள் ஒப்புதல் என்று காட்டப்பட்டதே போலி என்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் காலம்தான் பெரிய வேறுபாடு. அங்கே குத்தகைக்கு முன்பே அளக்கிறார்கள். இங்கே முதலில் பிளாக்கை ஒதுக்கிவிட்டு, பிறகு வன அனுமதி கேட்கிறோம். நிறுவனம் பணத்தைப் போட்டபின் ‘கூடாது’ என்று சொல்ல எந்த அதிகாரிக்கு எளிதாக வாய் வரும்?

தேர்ந்தெடுக்கச் சொன்னால், அமெரிக்க அளவுகோல்களையும் அவர்கள் அளக்கும் காலத்தையும் எடுத்துக்கொள்வேன்; விதிவிலக்குகளை எடுக்க மாட்டேன். அவற்றுக்குப் பதிலாக இந்தியப் பட்டியலின் கண்டிப்பைச் சட்டமாக்கிச் சேர்ப்பேன். ஹஸ்தேவில் மீதமுள்ள பிளாக்குகளில் கைவைக்கும் முன், ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் யானைகள் நடக்கும் வழியை வரைபடத்தில் ஏற்றட்டும். பிளாக்கின் எல்லையை அதற்குப் பிறகு வரையட்டும்.