குறைந்தது மூன்று இலை விழணும்: கிளாசிக்கின் ப்ரேயர் ஆஃப் ஹீலிங்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற ஆன்லைன் கேமில் ப்ரீஸ்ட் (உயிர் ஏற்றும் பாத்திரம்) 30ஆம் லெவலில் கற்கும் பந்தி மந்திரம் இது. ஒருமுறை ஓதினால் 30 கெஜத்துக்குள் நிற்கிற பார்ட்டி (ஐந்து பேர் குழு) ஆட்கள் எல்லாருக்கும் உயிர் ஏறும், ஓதுகிறவருக்கும் சேர்த்து. ஓதி முடிக்க 3 விநாடி. தலைவலி எல்லாம் அந்த 3 விநாடியில்தான்.

60ஆம் லெவல் ரேங்க் 4 (மந்திரத்தின் நான்காம் படி) ஆளுக்கு 939–991 உயிர் ஏற்றும், 1030 மானா (மந்திரம் ஓதும் சக்தி) தின்னும். ஐந்து பேரும் அடிபட்டிருந்தால் ஒரு மானாவுக்கு 4.7 ஹீல். ப்ரீஸ்ட் நேராக ஓதும் வேறெந்த ஹீலும் இதன் கிட்டே வராது. இரண்டே பேர் என்றால் 1.9க்குச் சரிந்துவிடும், அதற்கு அதே 3 விநாடியில் ஒருவருக்கு மட்டும் ஏற்றும் ஃப்ளாஷ் ஹீலை இரண்டு முறை போடலாம், 760 மானாதான். மூன்று பேர் இருந்தால்தான் இது கட்டுபடியாகும்.

கியர் (கவசம், ஆயுதம்) ஏற ஏற இந்தக் கணக்கும் மாறும். கியர் தரும் ஹீலிங் பவரில் 28.6 சதவீதம்தான் இதில் சேரும். ஒருவருக்கான பெரிய ஹீலான கிரேட்டர் ஹீலில் 85.7. 500 பவர் வந்துவிட்டால் ரேங்க் 1 கிரேட்டர் ஹீல் ஒரு மானாவுக்கு 3.7 தரும், மூன்று பேருக்கு ஓதிய இது 3.2தான். அப்போது நான்கு பேருக்குக் குறைந்தால் அவசரத்துக்கு மட்டும்.

மானா கழிவது ஓதி முடிக்கும்போதுதான். அதனால் அடி விழுமுன்பே ஆரம்பியுங்கள். தேவைப்படவில்லை என்றால் ஓரடி நகர்ந்தால் போதும், மந்திரம் கலையும், மானா போகாது. அடி விழுந்த பிறகு ஆரம்பிக்கிறவர் பிணத்துக்குத்தான் ஓதுவார். ஸ்ட்ராத்தோம் என்ற நிலவறையின் பாரன் ரிவென்டேர் மாதிரி, பக்கத்தில் நிற்கிற எல்லாரையும் விடாமல் அரிக்கிற பாஸிடம் இது தங்கம். உங்களையே யாராவது அடித்தால் ஓதும் நேரம் பின்னுக்குத் தள்ளும். முதலில் உங்கள் மேல் ஒரு ஷீல்டு.

டேங்க் (அடியைத் தாங்குகிற முன்னணி ஆள்) எதிரிக் கூட்டத்தைப் பிடிக்குமுன் இதைப் போடாதீர்கள். ஏறிய உயிரில் பாதி அக்ரோவாகும் (எதிரிகளுக்கு உங்கள் மேல் வரும் கோபம்): ஐந்து பேருக்கு முழுசாக ஏறினால் சுமார் 2400, நான்கு எதிரிகள் என்றால் தலைக்கு 600. நாலும் ப்ரீஸ்ட் மேல்தான் பாயும். அக்ரோவைக் குறைக்கும் ஃபேட் மந்திரம் போட்டாலும் 10 விநாடிதான் தாங்கும்.

இதற்கான டேலண்டில் (லெவல் ஏற ஏற நாமே தேர்ந்தெடுக்கும் திறன்) 2 புள்ளி வைத்தால் மானா 20 சதவீதம் குறைந்து 824 ஆகும். 3 நிமிடத்துக்கு ஒருமுறை இன்னர் ஃபோகஸ் என்ற திறனைப் போட்டு ஓதினால் மானாவே வேண்டாம், கிரிட்டிக்கல் (கூடுதலாக ஏறும் ஹீல்) வாய்ப்பும் 25 சதவீதம் கூடும்.

பல பார்ட்டிகள் சேர்ந்து போகும் 40 பேர் ரெய்டில்தான் இதன் பெரிய குறை: உங்கள் பார்ட்டி ஐந்து பேரைத் தாண்டாது. பக்கத்துப் பார்ட்டி செத்தாலும் வேடிக்கைதான் பார்க்கணும். ஷாமன் என்ற இன்னொரு பாத்திரத்தின் செயின் ஹீலை மற்றப் பார்ட்டிக்காரர் மேலும் ஓதலாம். எனவே ப்ரீஸ்டை நெருங்கி நின்று அடிக்கிறவர்களின் பார்ட்டியில் வைக்கச் சொல்லுங்கள்; தூரத்து ஹன்டர்கள் பாதி நேரம் 30 கெஜத்துக்கு வெளியேதான்.

அன்கிராஜ் இடிபாடுகள் என்ற ரெய்டில் விழும் ரேங்க் 5 புத்தகம் 40 மானா கூட வாங்கிக்கொண்டு ஆளுக்கு 60 உயிர் கூடத் தரும். கிடைத்தால் படியுங்கள், அதற்காக மட்டும் அலைய வேண்டாம்.