விருந்துக்குப் பின் எந்த ஹவானா சுருட்டு? பர்தகாஸ் டி4, எபிக்யூர் 2, மான்டெகிறிஸ்டோ 2

கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துக்குக் கியூபச் சுருட்டு வாங்குபவர்கள் பெரும்பாலும் பெயரைப் பார்த்தே வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது, வயிற்றில் என்ன இருக்கிறது. இன்னொரு புகழ்பெற்ற கியூபச் சுருட்டான கோஹிபாவை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. 2022-ல் அதன் விலை உலகெங்கும் ஒரேயடியாக ஏறிவிட்டது. அந்தக் காசுக்கு ஈடான சுவை வித்தியாசம் அதில் இல்லை.

முதலில் பர்தகாஸ் சீரி டி எண் 4, ஓயோ டி மான்டெரே எபிக்யூர் எண் 2. இரண்டும் 124 மி.மீ. நீளம், 50 ரிங் கேஜ். ஒரு ரிங் கேஜ் என்பது அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு. ஆக, குறுக்களவு ஏறக்குறைய 20 மி.மீ. எரியும் நேரமும் ஒன்றுதான், 45 முதல் 60 நிமிடம். காகித வளையத்தைக் கழற்றிவிட்டால் கண்ணால் பிரித்தறிவது கடினம். பற்றவைத்த ஐந்தாவது நிமிடத்தில் யாருக்கும் தெரிந்துவிடும்.

காரணம் உள்ளிலைக் கலவை. செடியின் உச்சியில் வெயிலை முழுதாக வாங்கிய தடித்த இலை லிஹேரோ. காரமும் நிகோட்டினும் அதில்தான். நடு இலையான செகோ மணம் தரும். அடி இலையான வொலாடோ நெருப்பைச் சீராகப் பிடித்துவைக்கும். டி4-ல் லிஹேரோவின் கை ஓங்கியிருக்கிறது: மிளகுக் காரம், ஈரமண், தோல், கடைசி மூன்றில் ஒரு பங்கில் கருக வறுத்த காபி. எபிக்யூர் 2 எதிர்த்திசை: தேவதாரு மரம், பாலேடு, காய்ந்த வைக்கோல், ஓரத்தில் லேசான தேன்.

ஆகவே வறுத்த இறைச்சியும் இனிப்பும் முடித்து, பக்கத்தில் வயதேறிய ரம் இருந்தால் டி4. எபிக்யூர் 2 அங்கே நாக்குக்கே எட்டாது. பகல் சாப்பாட்டுக்குப் பின் பால் சேர்க்காத காபியுடன் என்றால் எபிக்யூர் 2. வெறும் வயிற்றில் டி4 இழுத்தால் இருபது நிமிடத்தில் நெற்றி வியர்த்து, தலை சுற்றி, குமட்டும். நிகோட்டின் ஏறியதன் அடையாளம் அது. உடனே நிறுத்திவிட்டு உட்கார்ந்து, இனிப்பாக எதையாவது குடிக்க வேண்டும். முதல்முறை சுவைப்பவருக்கு டி4 கொடுப்பதே தவறு.

மான்டெகிறிஸ்டோ எண் 2 வேறு சாதி. 1935-ல் தொடங்கிய மான்டெகிறிஸ்டோவின் இந்தச் சுருட்டு 156 மி.மீ. நீளம், 52 ரிங் கேஜ், வாயில் வைக்கும் முனையான தலை கூம்பாக முடியும் பிரமிடு வடிவம். கொக்கோ, காபி, வறுத்த கொட்டை, நடுவே மெல்லிய புளிப்பு. நல்ல பெட்டியில் வந்த எண் 2 மூன்றிலும் உயர்ந்தது. அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் 75 முதல் 90 நிமிடம் கேட்கும். சிக்கலும் இதில்தான் அதிகம். கூம்புக்குள் இலைகள் நெருக்கமாக அடைபடுவதால் இழுப்பு அடைத்துக்கொள்ளும். தாரும் அந்தக் குறுகலிலேயே தேங்கிக் கசக்கும். 3 மி.மீ. மட்டும் வெட்டி, பற்றவைக்கும் முன் ஒரு வெறும் இழுப்பு இழுத்துப் பாருங்கள். கெட்டியான திரவத்தை ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுபோல் இருந்தால் இன்னும் 2 மி.மீ. வெட்டலாம். பாதி வழியில் கசந்தாலும் இதே வைத்தியம். டி4, எபிக்யூர் இரண்டின் தலை உருண்டை. தொப்பி இலை ஒட்டியிருக்கும் கோட்டுக்கு மேலே 2 மி.மீ. போதும். கோட்டைத் தாண்டினால், சுருட்டை வெளியே சுற்றியிருக்கும் மேலிலை பிரிந்து சுருளும்.

பற்றவைப்பதில் மூன்றுக்கும் ஒரே முறை. பெட்ரோல் லைட்டரும் மெழுகுவர்த்தியும் வேண்டாம், வாடை இலையில் ஏறிவிடும். பியூட்டேன் லைட்டர் அல்லது நீளத் தீக்குச்சி. குச்சியென்றால் கந்தகம் எரிந்து முடியும்வரை பொறுங்கள். சுருட்டை 45 பாகை சாய்த்து, அடிமுனை சுடருக்கு ஒரு செ.மீ. மேலே இருக்கும்படி சுழற்றி, விளிம்பு முழுதும் கறுத்த பிறகே வாயில் வையுங்கள். பிறகு நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. அவசரப்பட்டால் உள்ளே சூடேறி எந்தச் சுருட்டும் ஒரே கசப்பாகிவிடும். புகை வாயோடு நிற்க வேண்டும், நெஞ்சுக்குள் போகக்கூடாது. உள்ளிழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் இருக்கிறது. பண்டிகை நாளில் ஒன்று என்பதைப் பழக்கமாக்க வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள்ளும் வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் வேகமாக எரிந்தால், பின்தங்கிய பக்கத்தைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். கீழிருந்து காற்று கிடைப்பதால் அது எட்டிப் பிடித்துவிடும். நடு மட்டும் எரிந்து மேலிலை அப்படியே நின்றால் சுருட்டில் ஈரம் கூடுதல் என்று அர்த்தம். கியூபச் சுருட்டுக்கு 65 சதவீத ஈரப்பதம் நல்ல அளவு. பயணத்தில் வந்ததை ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தி வைக்கும் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு வாரம் வைத்துவிட்டுத் தொடுங்கள். டொராண்டோ போன்ற ஊர்களில் டிசம்பரில் ஹீட்டர் காற்று சுருட்டை வேகமாக உலர்த்தும். வெளிக்குளிரில் மேலிலை வெடிக்கவும் கூடும். மெல்லிய மேலிலை கொண்ட எபிக்யூர் 2-ஐ அங்கே திறந்தவெளிக்கு எடுத்துப் போகாதீர்கள்.

போலியில் அதிகம் அடிபடுபவை கோஹிபாவும் மான்டெகிறிஸ்டோ 2-ம். பெட்டியின் அடியில் சூடிட்ட முத்திரையோடு, தொழிற்சாலைக் குறியீடும் ஸ்பானிய மாதச் சுருக்கமும் ஆண்டும் மையில் குத்தியிருக்க வேண்டும். டிசம்பர் என்றால் ‘டிக்’. ஹவானா தெருவில் ‘தொழிற்சாலையில் வேலை செய்யும் உறவினர்’ மூலம் வரும் பெட்டியை விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதீர்கள். ஒரு மணி நேரம்கூட இல்லாதவர்கள் பெரிய சுருட்டைப் பாதியில் அணைத்து மறுநாளுக்கு வைப்பது வீண், ஆறிய சாம்பல் வாடைதான் மிஞ்சும். அவர்களுக்கு மான்டெகிறிஸ்டோ எண் 4 இருக்கிறது: 129 மி.மீ., 42 ரிங் கேஜ், அரை மணிக்குச் சற்று மேல்.