புதே ஜிகே கிட்: குழம்பு நல்லாயிருக்கு, லேபிளைத் திருத்தணும்

கிம்ச்சி, டின் இறைச்சி, நூடுல்ஸ் போட்டுக் கொதிக்க வைக்கும் கொரியக் குழம்பு புதே ஜிகே. அதை வீட்டில் செய்ய, கோவையிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிறது இந்த கிட். இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம், விலை 890 ரூபாய். திருப்பூர், ஈரோடு என்றால் மறுநாள் காலை கைக்கு வந்துவிடும். உள்ளே நெத்திலிக் கருவாடும் கடற்பாசியும் கட்டிய ஸ்டாக் பை (கொதிக்க வைத்துச் சாறு இறக்க), மிளகாய் விழுது 60 கிராம், கிம்ச்சி (மிளகாய் சேர்த்துப் புளிக்க வைக்கும் கோஸ்) 150 கிராம், லஞ்சன் மீட் (டின்னில் அடைத்த அரைத்த இறைச்சி) 200 கிராம், சாசேஜ் நான்கு, தக்காளி சாஸில் வெந்த பீன்ஸ் மூன்று கரண்டி, கட்டை விரல் பருமனில் அரிசி கேக் 100 கிராம், ராம்யன் (கொரிய இன்ஸ்டன்ட் நூடுல்ஸ்) ஒரு கட்டு, ஒரு சீஸ் ஸ்லைஸ். சரக்கில் குறை சொல்ல முடியாது. மிளகாய் விழுது நிஜமான கொரியன் மிளகாயில் செய்தது. நிறம் அடர்த்தி, காரம் மட்டு, கடைசியில் லேசாக ஒரு இனிப்பு. நம்ம குண்டு மிளகாயில் இது வராது.

பாத்திரம் முக்கியம். அகலமான, உயரம் குறைந்த எவர்சில்வர் போசி எடுங்கள். இரும்பு வடச்சட்டியில் கிம்ச்சியின் புளிப்பு பட்டால் குழம்பு துருவாடை அடிக்கும். 700 மில்லி தண்ணீரில் ஸ்டாக் பையைப் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, பத்து நிமிடத்தில் பையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் கடற்பாசி கொழகொழத்து, நெத்திலியின் கசப்பும் இறங்கும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்குக் கவலையில்லை. போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும் ஊர்களில் கேன் தண்ணீர்தான் சரி.

லஞ்சன் மீட்டை அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுத்தால் மேல் உப்பும் கொழுப்பும் போகும். பிறகு போசியில் கிம்ச்சி, மீட், சாசேஜ், பீன்ஸ், அரிசி கேக் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக அடுக்கி, நடுவில் விழுதை வைத்து, ஸ்டாக்கை ஓரமாக ஊற்றி எட்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். ராம்யன் கடைசி மூன்று நிமிடத்துக்கு மட்டும். முதலிலேயே போட்டால் குழம்பையெல்லாம் அதுவே குடித்துவிட்டு, ஊறிப்போன சந்தகை மாதிரி ஆகிவிடும். அடுப்பை அணைத்த பிறகு சீஸ்.

செய்முறைத் தாளில் ஒரு தவறு இருக்கிறது. ராம்யன் மசாலாவை முழுப் பொட்டலமும் கொட்டச் சொல்கிறார்கள். மீட், கிம்ச்சி, விழுது மூன்றிலும் ஏற்கெனவே உப்பு உண்டு. பாதிப் பொட்டலமே அதிகம்.

பெரிய குறை கிம்ச்சிதான். புளிக்காமல், பச்சைக் கோஸ் வாசத்தோடு வருகிறது. இந்தக் குழம்பின் கொழுப்பை வெட்டுவதே கிம்ச்சியின் புளிப்பு. வினிகரோ புளியோ ஊற்றி அதைச் சரிக்கட்ட முடியாது. டப்பா மூடியைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு நாள் வெளியே, பிறகு மூன்று நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து சாறு பொங்கி வழியும்.

இனி லேபிள். “அமெரிக்கப் படையோடு தோளோடு தோள் நின்ற கொரிய வீரர்கள் போர்க்களத்தில் சமைத்த உணவு” என்று அச்சிட்டிருக்கிறார்கள். இது தப்பு. அதற்குச் சாட்சி கிட்டுக்குள்ளேயே இருக்கிறது. கொரியப் போர் நின்றது 1953-ல், கொரியாவில் ராம்யன் விற்பனைக்கு வந்ததே 1963-ல்.

லேபிள் சொல்லும் வீரர்கள் கட்டூசாக்கள். 1950-ல் அமெரிக்கப் படைப்பிரிவுகளில் ஆள் பற்றாக்குறை வந்தபோது கொரிய இளைஞர்களை நேராக அவற்றுக்குள் சேர்த்தார்கள். 7-வது டிவிஷனுக்கு மட்டும் 8,600-க்கு மேல் ஆட்கள் ஜப்பானுக்குப் போய், சில வாரப் பயிற்சியோடு செப்டம்பரில் இஞ்சோன் துறைமுகத்தில் படைகள் தரையிறங்கியபோது வந்தார்கள். ஒரு அமெரிக்கருக்கு ஒரு கொரியர் என ஜோடி. பேச்சு புரியாது, சைகைதான். உடுப்பு, துப்பாக்கி, சாப்பாடு அமெரிக்கப் படையுடையது. சம்பளம் கொரியாவுடையது. இன்றும் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் காட்டி, வாழ்நாளில் ஒரே முறை விண்ணப்பித்து, குலுக்கலில் பேர் வந்தால்தான் கட்டூசா ஆக முடியும். சாப்பாடு இப்போதும் அமெரிக்க மெஸ்ஸில்தான்.

இந்தக் குழம்பு பிறந்தது முகாம் வேலிக்கு வெளியே. சியோலுக்கு வடக்கே உய்ஜோங்பு போன்ற முகாம் ஊர்களில், பசியில் இருந்த மக்கள் உள்ளிருந்து கசிந்து வந்த ஹாம், சாசேஜ், டின்களைக் கிம்ச்சியோடு கொதிக்க வைத்தார்கள். புதே என்றால் படைப்பிரிவு, ஜிகே என்றால் குழம்பு. பெயரில் படை இருக்கிறது, சமைத்த கை ஊர்க்காரர்களுடையது. கட்டூசாக்களுக்கு மரியாதை செய்ய விரும்பினால் வேறு செய்தி இருக்கிறது: வாஷிங்டன் கொரியப் போர் நினைவிடத்தில் 2022-ல் திறந்த சுவரில், அமெரிக்கர்களோடு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டூசாக்களின் பெயரும் பொறித்திருக்கிறது. லேபிளில் அந்த ஒரு வரி போதும்.

வாங்குபவர்களுக்கு: லஞ்சன் மீட் பன்றி இறைச்சி, ஆகாதவர்கள் சிக்கன் வகையைக் கேட்டு வாங்கலாம். அது சீக்கிரம் உதிரும் என்பதால் ராம்யனோடு சேர்த்துப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒறம்பரை வருகிறார்கள் என்றால் செவ்வாயே ஆர்டர் போடுங்கள், அப்போதுதான் கிம்ச்சி புளிக்க நாள் இருக்கும்.