மேயர்ஸ் மேங்க்ஸ்: பதினோரு ஆண்டுகள் ஓட்டிய பிறகு

கலிபோர்னியாவில் வேலை பார்த்து வந்த காலத்தில், மணல்மேட்டில் ஓட்டும் ‘டூன் பகி’ வகைத் திறந்த காரான மேயர்ஸ் மேங்க்ஸ் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. இதற்குக் கதவு கிடையாது. பக்கச்சுவரைத் தாண்டித்தான் உள்ளே இறங்க வேண்டும். முதல் நாளே படகில் கால் வைப்பது போலிருந்தது.

அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. இதை உருவாக்கிய புரூஸ் மேயர்ஸ் ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகுகள் கட்டிப் பழகியவர். 1964இல் நியூபோர்ட் பீச்சில் அவர் கட்டி முடித்த முதல் வண்டிக்கு, ‘ஓல்டு ரெட்’டுக்கு, தனி சேசிஸே (அடிச்சட்டமே) இல்லை. படகைப் போல உடலே பாரம் தாங்கியது. இன்ஜின் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுடையது. அந்த முறையில் 12 வண்டிகள்தாம் உருவாயின. உழைப்பும் செலவும் மிக அதிகம். எனவே பீட்டிலின் அடித்தட்டையே எடுத்து, நடுவில் 14¼ அங்குலம் வெட்டி நீக்கி, மிச்சத்தை வெல்டிங் செய்து, அதன்மேல் ஃபைபர் உடலைப் பொருத்தும் வழிக்கு மாறினார். வாலில்லாத மேங்க்ஸ் பூனையின் பெயர் இந்தக் குட்டை வண்டிக்கு நன்றாகவே பொருந்துகிறது.

மேயர்ஸ் விற்றது முழு வண்டியல்ல, பாகங்கள் அடங்கிய கிட். வெட்டி ஒட்டும் வேலை அதை வாங்கியவரின் பொறுப்பு. என் வண்டியில் அதை யார் செய்தார்களோ, சற்றுக் கோணலாகச் செய்துவிட்டார்கள். வண்டி எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். ஒரு பட்டறையில் இரண்டு முறை பணம் வாங்கிக்கொண்டு சக்கரங்களை மட்டும் சீரமைத்துத் தந்தார்கள், பயனில்லை. கடைசியில் நானே உடலைக் கழற்றி, மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்தேன். எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம்! பழைய வெல்டிங்கைப் பிரித்து மறுபடி ஒட்ட இரண்டு மாதங்கள் ஆயின. நடுக்குழாய்க்குள் ஓடும் கியர் தண்டையும் அதே அளவுக்குக் குறைத்திருப்பார்கள். அதில் இம்மி பிசகினாலும் இரண்டாம் கியர் விழாது. ஐந்து ஆண்டுகளாக நான் கியர்பெட்டியைப் பழித்துக்கொண்டிருந்தது எவ்வளவு தவறு!

உடலைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. சமதளமாக விட்டிருந்தால் ஃபைபர் தகடு அதிர்ந்து நடுங்கும். மேயர்ஸ் எங்கும் வளைவு வைத்தார். சக்கர மேலுறையின் விளிம்பைக்கூட மடித்துவிட்டார். வளைவே வலிமை. முன்கண்ணாடிச் சட்டத்தின் போல்ட்டுகளைச் சுற்றி மட்டும் மயிரிழை விரிசல்கள் வந்தன. உரசித் தேய்த்து, இழைப்பாயும் ரெசினும் வைத்து, அகலமான வாஷர் போட்ட பிறகு நின்றுவிட்டன.

1967 ஏப்ரலில் மேயர்ஸும் டெட் மேங்கல்ஸும் ‘ஓல்டு ரெட்’டில் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் லா பாஸிலிருந்து டிஹுவானாவுக்கு 34 மணி 45 நிமிடத்தில் வந்து சேர்ந்தார்கள். அதே வழியில் இருந்த மோட்டார் சைக்கிள் சாதனையைவிட ஐந்து மணி நேரத்துக்கும் மேல் குறைவு. பாலைவன மண்பாதையில் மூன்று மணி நேரம் ஓட்டினாலே எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. அந்த இருவரும் ஒன்றரை நாள் எப்படித் தாங்கினார்கள் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

அதன் பிறகு போலி வண்டிகள் பெருகின. காப்புரிமை வழக்கில் மேயர்ஸ் தோற்றார். 1971இல் அவருடைய உற்பத்தி நின்றது. வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பளபளப்பைப் பார்த்து மயங்காமல், வண்டிக்கு அடியில் படுத்து அந்த வெல்டிங் கோட்டை முதலில் பாருங்கள். கையில் ஒரு நூல்கண்டு இருக்கட்டும்.