கத்திரி வெயிலில் இண்டக்‌ஷன் அடுப்பு: ஆறு கோடை ஓட்டியதில் தெரிந்தவை

மதுரையில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று ஆறு கோடையைத் தாண்டி இன்னும் ஓடுகிறது. காலையில் இட்லி, மதியம் குழம்பு, ராத்திரி பால் என்று தினமும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத வேலை. இதுவரை மாற்றியது ஃபேன் இரண்டு தடவை, ஐஜிபிடி (கரண்ட்டை வேகமாகத் திறந்து மூடும் பவர் டிரான்சிஸ்டர்) ஒரு தடவை, அடியில் இருக்கும் ரப்பர் கால்கள் ஒரு செட். அந்த ஐஜிபிடி போனதும் அதன் கோளாறால் இல்லை. காற்று வராமல் வெந்து போனது. சூடாகி நின்றுபோகும் அடுப்பில் முதலில் பார்க்க வேண்டியது காற்று போகும் வழி. பாகம் மாற்றுவது அதற்குப் பிறகுதான்.

2000 வாட் எடுக்கும் அடுப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பாத்திரத்துக்குப் போகாமல் காயில் (கண்ணாடிக்கு அடியில் உள்ள செம்புக் கம்பிச் சுருள்), ஐஜிபிடி, பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் பாகம்) மூன்றிலும் சூடாகத் தங்கிவிடும். இரண்டு 100 வாட் குண்டு பல்பை அந்தச் சின்னப் பெட்டிக்குள் எரியவிட்டதற்குச் சமம். அந்தச் சூட்டை வெளியே தள்ள உள்ளங்கை அகல ஃபேன் ஒன்றுதான் உண்டு. அதுவும் அடுப்படியில் இருக்கும் காற்றைத்தான் இழுக்கும். மார்கழிக் காலையில் அந்தக் காற்று 22 டிகிரி. கத்திரி மதியத்தில், பக்கத்தில் கேஸ் அடுப்பும் எரிந்தால், 40ஐத் தாண்டும். மார்கழியில் பொறுத்துக்கொண்ட தூசியை அடுப்பு மே மாதத்தில் பொறுக்காது. "போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எர்ரர் எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கூட வந்த கையேட்டில் பாருங்கள். கையேடு இல்லையென்றால், போட்டு எத்தனை நிமிஷத்தில் நிற்கிறது என்பதே நல்ல சாட்சி. ஆறிய அடுப்பு பத்து விநாடிக்குள் நின்றால் அது சூடு இல்லை. பாத்திரம் ஒத்துவரவில்லை, அல்லது தெர்மிஸ்டர் (சூட்டை அளக்கும் சென்சார்) ஒயர் கழன்றிருக்கிறது. முழு வேகத்தில் மூன்று, நாலு நிமிஷத்தில் நின்றால் ஃபேன் சுற்றவில்லை, அல்லது ஐஜிபிடிக்கும் ஹீட் சிங்குக்கும் (அதன் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் அலுமினிய இதழ்த் துண்டு) இடையே பூசிய, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துவிட்டது. இருபது, முப்பது நிமிஷம் ஓடிவிட்டு நின்றால் தூசி, அல்லது அடியில் அடைப்பு. ஜிகர்தண்டாவுக்குப் பாலைச் சுண்டக் காய்ச்சும்போது நிற்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான். வெறும் கடாயைச் சூடேற்றும்போது நின்றால் கண்ணாடிக்கு அடியில் உள்ள சென்சார் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

பெட்டியைத் திறக்கும் முன் வெளியே முடிய வேண்டிய வேலை நிறைய. ஃபேன் அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுக்கிறது. மேடையில் அழகுக்கு விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் அடுப்பு என்று வைத்தால், ஃபேன் ஷீட்டையே மேலே இழுத்து ஓட்டையை மூடிக்கொள்ளும். அடுப்பை நகர்த்தி ஷீட்டைப் பாருங்கள். வட்டமாக ஒரு தடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். செய்தித்தாளும் அப்படித்தான். வெறும் கிரானைட் மேல் வையுங்கள். ரப்பர் கால் தேய்ந்திருந்தால் நாலையும் ஒரே உயரத்தில், ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல், புதிதாக ஒட்டுங்கள். சுவரிலிருந்து நாலு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். சப்பாத்தி உருட்டும் பலகையைப் பக்கத்தில் வைக்காதீர்கள். பறக்கும் மாவும் தாளிக்கும் புகையும் சேர்ந்தால் ஹீட் சிங்க் இதழ்களுக்கு நடுவே களிமண் மாதிரி பிசுக்கு ஏறிவிடும். அது சும்மா ஊதினால் போகாது.

காற்று வருகிறதா என்று தெரிய ஒரு ஊதுபத்தி போதும். தண்ணீர் வைத்து அடுப்பை ஓடவிட்டு, காற்று வெளியேறும் துவாரத்துக்கு எதிரே ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை ஒரு சாண் தூரமாவது தள்ளப்பட வேண்டும். நேராக மேலே எழும்பினால் ஃபேன் செத்துவிட்டது. துவாரத்துக்கு உள்ளேயே போனால், முன்பு மாற்றியவர் ஃபேனைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்.

திறக்கும் முன் ஒரு எச்சரிக்கை. பல அடுப்புகளில் ஐஜிபிடியின் முதுகு ஹீட் சிங்கோடு நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆகவே அந்த அலுமினியத் துண்டிலேயே உயிரை வாங்கும் கரண்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் (கரண்ட்டைத் தேக்கி வைக்கும் பாகம்) 300 வோல்ட்டுக்கு மேல் தங்கலாம். 60 வாட் குண்டு பல்பு ஒன்றின் இரண்டு ஒயரை அதன் கால்களில் சில விநாடி வையுங்கள். மல்டிமீட்டர் 10 வோல்ட்டுக்குக் கீழே காட்டிய பிறகுதான் கை வைக்க வேண்டும். இதில் பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி.

தூசியைக் காய்ந்த ஒரு இஞ்ச் பெயின்ட் பிரஷால் தட்டி, புளோயரால் ஊதலாம். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். பிசுக்கை எடுக்க, செல்போன் சர்வீஸ்காரர்கள் வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பெட்ரோல், மண்ணெண்ணெய் இரண்டும் கூடவே கூடாது.

ஃபேன் பெரும்பாலும் 18 வோல்ட் டிசி. ஓட்டத்தில் அதன் கனெக்டரில் 16 முதல் 18 வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால் ஃபேன்தான் போச்சு. விரலால் தள்ளிவிட்டால் சுற்றும், தானாகக் கிளம்பாது என்றால் புஷ் (ஃபேன் தண்டு சுற்றும் வளையம்) காய்ந்துவிட்டது. ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் ஓடும். அதற்குள் புதிது வாங்கிவிடுங்கள். கடையில் 18 இல்லை என்று 12 வோல்ட் ஃபேனைக் கொடுத்தால் வாங்காதீர்கள், சீக்கிரம் கருகும். 24 வோல்ட் ஃபேன் மெதுவாகச் சுற்றும். சுற்றுகிறதே என்று நம்பி ஏமாறுவது இதில்தான் அதிகம்.

தெர்மிஸ்டர் இரண்டு இருக்கும்: ஒன்று காயில் நடுவில், கண்ணாடியைத் தொட்டபடி, இன்னொன்று ஹீட் சிங்கில். பெரும்பாலும் 25 டிகிரியில் 100 கிலோ ஓம் வகை. நம் ஊர் 35 டிகிரியில் சுமார் 65 காட்டினால் அது நல்லதுதான், கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். இரண்டு விரலால் பிடித்தால் எண் மளமளவென்று இறங்க வேண்டும். கண்ணாடிக்கு அடியில் உள்ளதன்மேல் வெள்ளைப் பேஸ்ட் காய்ந்து இடைவெளி விழுந்திருந்தால், பாத்திரம் சூடாவது அதற்குத் தாமதமாகத் தெரியும். எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்வதற்கு அது ஒரு காரணம்.

ஃப்யூஸ் போயிருந்தால் ஐஜிபிடியைப் பாருங்கள். எழுத்து உங்களைப் பார்க்க, கால் கீழே இருக்க, இடமிருந்து கேட், கலெக்டர், எமிட்டர். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இரண்டு பக்கமும் மல்டிமீட்டர் பீப் அடித்தால் ஷார்ட். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்: ஐஜிபிடியை மட்டும் மாற்றி, பாத்திரம் வைத்து, அடுத்த நிமிஷமே புதியதையும் பறிகொடுக்கிறார்கள். கூடவே பிரிட்ஜையும் கேட் பக்கத்து ஜீனரையும் (வோல்டேஜ் அளவு மீறாமல் தடுக்கும் டயோடு) சோதியுங்கள். காயிலோடு இணைந்த கெப்பாசிட்டரைக் கழற்றி அளவெடுங்கள். மேலே 0.27 என்றோ 0.3 மைக்ரோஃபாரட் என்றோ போட்டிருக்கும். அதைவிடக் கண்ணில் படும்படி குறைந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். மதிப்பு குறையக் குறைய ஐஜிபிடி மேல் விழும் வோல்டேஜ் உச்சம் ஏறும். 1200 வோல்ட் தாங்குவது அதைத் தாங்காது. புதிய ஐஜிபிடியை மாட்டும்போது பேஸ்ட் மெல்லிய படலமாக, உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு இருந்தால் போதும். அள்ளிப் பூசினால் சூடு இறங்காது. ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு கால்களைச் சாலிடர் செய்யுங்கள். முதலில் சாலிடர் செய்தால் பின்னால் இறுக்கும்போது கால்கள் முறுக்கேறி நிற்கும்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பைச் சீரீஸில் (கரண்ட் பல்பு வழியாகவே அடுப்புக்குப் போகும்படி) போட்டு, பாத்திரம் வைக்காமல் பாருங்கள். பல்பு முழுசாக எரிந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. அணைந்தே இருந்து டிஸ்ப்ளே வந்தால் பல்பை எடுத்துவிட்டு, தண்ணீர் நிறைந்த பாத்திரம் வைத்து, குறைந்த வேகத்தில் தொடங்கலாம்.

தினமும் கடைப்பிடிக்க வேண்டியது ஒன்று: சமையல் முடிந்ததும் சுவரில் உள்ள சுவிட்சை உடனே அணைக்காதீர்கள். பேனலில் ஆஃப் கொடுத்துவிட்டு, ஃபேன் தானாக நிற்கும்வரை விடுங்கள். உடனே அணைத்தால் காயில் சூடு மொத்தமும் போர்டின் மேல் இறங்கும். கெப்பாசிட்டர் வயது குறைவது இதனால்தான்.

ஐஜிபிடி இருந்த இடத்தில் போர்டே கருகி, செம்புப் பாதை எழும்பியிருந்தால் ஒட்டுப்போடாதீர்கள். கரி படிந்த இடம் மறுபடி கரண்ட் கடத்தும். போர்டை முழுசாக மாற்றுங்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் கேட்கப் போகும்போது பழைய போர்டையும் காயிலையும் சேர்த்தே கொண்டுபோங்கள்; காயில் அளவு ஒத்துப்போகாத போர்டு வாங்கினால் அதுவும் அதே சூட்டில் போய்விடும்.