நாலு நாள் லீவில் சிங்கப்பூரா, கோலாலம்பூரா, பாங்காக்கா? மலையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஓர் அலசல்

நீலகிரிக்காரர்களின் விடுமுறைக் கணக்கு தனி. ஏப்ரல், மே மாதங்களில் நாடே இங்கே ஏறி வரும்போது நம்மால் நகர முடியாது. காட்டேஜ் வைத்திருப்பவர், டாக்ஸி ஓட்டுபவர், வர்க்கிக் கடைக்காரர் என்று எல்லோருக்கும் அது சம்பாதிக்கிற நேரம். மூச்சு விடக் கிடைப்பது ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை, இல்லாவிட்டால் பொங்கல் முடிந்த பிறகு. அதிலும் நாலு நாள், மிஞ்சிப் போனால் ஐந்து. அதற்குள் தென்கிழக்கு ஆசியாவில் ஒரு தலைநகரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் மூன்றும்தான் முதலில் வரும். இப்போது வியட்நாமின் ஹனோயும் சேர்ந்துகொள்கிறது.

ஏஜென்ட் நீட்டும் பேக்கேஜ் தாளை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்பேன். அது சமவெளிக்காரர்களுக்காகப் போட்ட திட்டம். கோலாலம்பூர் பேக்கேஜ் என்றால் கெந்திங் ஹைலேண்ட்ஸுக்கு ஒரு முழு நாள் போய்விடும்: கேபிள் கார், பனிமூட்டம், குளிர். கெந்திங் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; குன்னூர் 1,850. ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும் குளிருக்கு ரிங்கிட் கட்ட வேண்டியதில்லை. கேமரன் ஹைலேண்ட்ஸ் இன்னும் வேடிக்கை. கோத்தகிரியிலிருந்து கடல் தாண்டிப் போய்த் தேயிலைச் செடி முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு வரலாம்! நமக்கு வேண்டியது மலையில் கிடைக்காதவை: ஆறு ஓடும் பெருநகரம், மெட்ரோ ரயில், உயர்ந்த கட்டடம், நள்ளிரவு வரை திறந்திருக்கும் கடைத்தெரு.

முதலில் கீழே இறங்கும் கதையைப் பார்க்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் விமானக் கட்டணத்தை ஒப்பிட்டால் போதும். நாம் வீட்டு வாசலிலிருந்து ஹோட்டல் வாசல் வரை மணிக்கணக்குப் போட வேண்டும்.

இதில் சிங்கப்பூர் தெளிவாக முன்னால் நிற்கிறது. கோவையிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது. குன்னூரிலிருந்து பர்லியார், மேட்டுப்பாளையம் வழியாகப் பீளமேடு விமான நிலையம் போக இரண்டரை, மூன்று மணி நேரம். பறப்பது நாலரை மணி நேரம் அளவில். இரவில் கிளம்பும் விமானம் கிடைத்தால் அன்று மதியம் வரை வீட்டு வேலை பார்த்துவிட்டு இறங்கலாம், மறுநாள் காலை சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இருக்கலாம்.

கோலாலம்பூருக்குத் திருச்சிதான் பழகிய வழி. பறப்பது நாலு மணி நேரம்தான், ஆனால் திருச்சி போய்ச் சேரவே ஆறு, ஏழு மணி நேரம் ஆகும். கொச்சியிலும் விமானம் உண்டு. குதிரான் சுரங்கப்பாதை திறந்த பிறகு பாலக்காடு வழியாக நெடும்பாசேரி போவது முன்பைவிட எளிது. பாங்காக்குக்கும் கொச்சி பொருந்தும். சென்னை என்றால் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி ஓர் இரவைக் கழிக்க வேண்டும், அப்புறம் விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஊட்டி, கூடலூர் பக்கத்தவர்களுக்குப் பெங்களூரு ஆசை வரும். அங்கிருந்து விமானங்கள் ஏராளம். ஆனால் முதுமலை, பந்திப்பூர் காட்டு வழியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டி விடமாட்டார்கள். விமான நிலையமும் ஊருக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளியில். அதிகாலை விமானத்துக்கு முந்தைய நாள் பகலிலேயே காட்டைத் தாண்டியாக வேண்டும். நாலு நாள் பயணத்தில் அது முக்கால் நாளைத் தின்றுவிடும்.

விசாவில் வரிசை தலைகீழாகிறது. தாய்லாந்தும் மலேசியாவும் 2023 கடைசியில் இந்தியர்களுக்குச் சுற்றுலா விசாவை நீக்கின. சலுகை என்பது நீளும், சுருங்கும். டிக்கெட் போடும் முன் தூதரகத்தின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிங்கப்பூருக்கு விசா வேண்டும், அதையும் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம்தான் எடுக்க வேண்டும். கஷ்டமில்லை, ஆனால் வியாழக்கிழமை நினைத்து வெள்ளிக்கிழமை கிளம்ப முடியாது. மூன்று நாடுகளுமே வருகை அட்டையை இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன. கட்டணம் கிடையாது. காசு கேட்கும் பக்கம் எதிரே வந்தால் அது அரசின் பக்கம் இல்லை என்று மூடிவிடுங்கள்.

சரி, போய் இறங்கியாயிற்று. என்ன பார்ப்பது?

சிங்கப்பூரில் எல்லாமே கிட்டக்கிட்ட. தமிழ் அங்கே நாலு ஆட்சிமொழிகளில் ஒன்று. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827இல் தொடங்கியது, அந்த ஊரின் மிகப் பழைய இந்துக் கோயில். சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மனும் சீனிவாசப் பெருமாளும் நடக்கும் தூரத்தில் இருக்கிறார்கள். சைவச் சாப்பாட்டுக்கு 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ் அங்கேயே இருக்கிறது. மொழி தெரியாத அம்மா, அப்பாவைத் தனியே கடைக்கு அனுப்பலாம். பட்ஜெட்டை உடைப்பது தங்குமிடம்தான். சிங்கப்பூர் டாலர் ஏறக்குறைய 70 ரூபாய். மற்ற இரண்டு நகரங்களில் நல்ல ஹோட்டல் கிடைக்கும் விலைக்கு இங்கே பெட்டி வைத்தால் நடக்க இடமில்லாத அறை கிடைக்கும். இதற்கு ஈடு, காசில்லாமல் பார்க்கக்கூடியவை நிறைய: சாங்கி ஜுவெல்லின் 40 மீட்டர் உள்ளரங்க அருவி, மரீனா பே கரை, சூப்பர்ட்ரீ விளக்குக் காட்சி, 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தாவரவியல் பூங்கா. அந்தப் பூங்கா 1859இல் அமைந்தது. நம் ஊட்டிப் பூங்கா அதற்கும் மூத்தது என்று பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொள்ளலாம்.

மரீனா பே பக்கத்திலுள்ள கார்டன்ஸ் பை தி பே என்ற பூங்கா பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே டிக்கெட் வாங்கிப் போகும் மேகக்காடு என்ற கண்ணாடி மண்டபம், கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 3,000 மீட்டர் வரையுள்ள வெப்பமண்டல மலைகளின் குளிரையும் ஈரத்தையும் செயற்கையாக உண்டாக்கி வைத்திருக்கிறது. பெரணி, பாசி, ஆர்க்கிட், நடுவில் 35 மீட்டர் அருவி. சென்னைக்காரர் வாய்பிளந்து நிற்பார். அவலாஞ்சிச் சோலையை நேரில் பார்த்தவர், இந்தக் குளிருக்கு மாதாமாதம் கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று யோசிப்பார். பொறியியலுக்காகப் பார்க்கலாம், காட்டுக்காக வேண்டாம்.

கோலாலம்பூரில் எனக்குப் பிடித்தது தங்குமிடத்துக்கான எளிய விடை: பிரிக்ஃபீல்ட்ஸ். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் அங்கேதான். விமான நிலையத்திலிருந்து விரைவு ரயில் 28 நிமிடத்தில் வந்து சேர்க்கும். ஒருவருக்கு 55 ரிங்கிட் என்பது நாலு பேருக்குக் கொஞ்சம் கனம்தான். குடும்பமாகப் போனால் ஆப்பில் கூப்பிடும் கிராப் டாக்ஸி மலிவாக முடியும். பத்து மலைக்குப் போகும் கொமூட்டர் ரயிலும் கேஎல் சென்ட்ரலிலேயே நிற்கும். வெளியே வந்தால் வாழையிலைச் சாப்பாடு, ரொட்டி சானாய், தே தாரிக், தமிழ்ப் பாட்டு. ரிங்கிட் 20 ரூபாய்க்கு மேல் என்றாலும் வயிறு நிறையச் சாப்பிட்டு வெளியே வரும்போது மனம் பதறாது.

பத்து மலைக்கு அறிமுகம் தேவையில்லை. 42.7 மீட்டர் முருகன் 2006 முதல் நிற்கிறார், குகைக்கு 272 படிகள். படி ஏறி இறங்கியே வளர்ந்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஏற்றம் பெரிதில்லை, வெயில்தான் பெரிது. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பையைப் பிடுங்கும் குரங்குகளைச் சமாளிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தைப்பூச நாளில் கூட்டம் பத்து லட்சத்தைத் தாண்டும். நேர்த்திக்கடன் இருந்தால் மட்டும் அன்று போகலாம். 452 மீட்டர் பெட்ரோனாஸ் கோபுரங்களில் திங்கட்கிழமை ஏற முடியாது. வார இறுதியோடு திங்களைச் சேர்த்து லீவு போடுகிறவர்கள் இதில்தான் சிக்குவார்கள். மதியத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டலாம். அதை மாலுக்குள் கழித்துவிடலாம்.

பாங்காக் மூன்றிலும் பெரிய ஊர், பெரிய ருசி. சாவ் ப்ரயா ஆற்றில் படகேறி வாட் அருணுக்கும் அரண்மனைக்கும் போவதற்கு ஈடாக மற்ற இரண்டிலும் எதுவும் இல்லை. அரண்மனைக்கு 500 பாட், பாட் ஏறக்குறைய 3 ரூபாய். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வாசலில் யாராவது வந்து "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்" என்றால் நேரே நடந்துகொண்டே இருங்கள். அது பழைய ஏமாற்று. உள்ளே மரகத புத்தர் கோயிலின் பிராகாரச் சுவர் முழுக்கத் தாய்லாந்து ராமாயண ஓவியம். அதற்கு மட்டும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம். சீலோம் சாலையில் தமிழர்கள் எழுப்பிய மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது, கும்பிடுகிறவர்களில் தாய்லாந்து மக்களே அதிகம். மார்கழியில் அரண்மனைப் பிராமணர்கள் திருவெம்பாவை ஓதும் வழக்கமும் அந்த ஊரில் உண்டு.

சிக்கல் இரண்டு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மீன் சாறு எந்தக் குழம்பிலும் ஒளிந்திருக்கும். சைவத்துக்கு அங்கே 'ஜே' என்று சொல்லி, மஞ்சள் கொடி போட்ட கடையைத் தேட வேண்டும். இரண்டாவது வெயில். டிசம்பர், ஜனவரியில் தாங்கலாம். ஏப்ரலில் ஊட்டிக்காரர் அங்கே போவது தண்டனை, சொங்க்ரான் தண்ணீர்த் திருவிழாவில் நனைய ஆசை இருந்தாலொழிய.

பருவத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிறீர்களா, கோலாலம்பூரும் சிங்கப்பூரும் பரவாயில்லை, பாங்காக்கில் மழை. பொங்கலுக்குப் பிறகு என்றால் பாங்காக்குக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. சீனப் புத்தாண்டு வாரத்தைத் தள்ளிவிடுங்கள், சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சீனர் கடைகள் பல மூடியிருக்கும்.

ஹனோய்? ஜனவரியில் நம் ஊர் மாதிரியே 15, 16 டிகிரி, தூறல். அருமையான ஊர், முட்டைக் காபிக்காகவே போகலாம். ஆனால் போகவே ஒரு நாள், ஹாலாங் விரிகுடாவுக்கு இன்னொரு நாள். நாலு நாளில் அடங்காது. ஒரு வாரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வயதானவர்களோடு முதல் வெளிநாட்டுப் பயணம் என்றால் நான் கோலாலம்பூரைத்தான் சொல்வேன், திருச்சி வரை அலைய வேண்டியிருந்தாலும். உண்மையிலேயே மூன்று நாள்தான் இருக்கிறது, கையில் காசும் இருக்கிறது என்றால் சிங்கப்பூர். நண்பர்களாக, எதையும் சாப்பிடும் கூட்டமாகக் கிளம்பினால் ஜனவரியில் பாங்காக், மறுபேச்சே இல்லை. சிங்கப்பூரையும் கோலாலம்பூரையும் சேர்த்து நாலு நாளில் முடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பேருந்தும் எல்லைச் சோதனையும்தான் நினைவில் நிற்கும்.

திரும்பும் டிக்கெட் போடும்போது இறங்கும் நேரத்தைப் பாருங்கள். கோவையில் இரவு பத்து, பதினொன்றுக்கு இறங்கினால் சுங்கம் முடித்து வெளியே வர நள்ளிரவாகிவிடும். கல்லாறு, பர்லியார் பக்கம் அந்நேரம் யானை ரோட்டில் நிற்கலாம், ஐப்பசி மழையில் மண்ணும் சரியலாம். மேட்டுப்பாளையத்தில் ஒரு ரூம் போட்டுப் படுத்துவிட்டு, விடிந்ததும் மேலே ஏறிக்கொள்ளுங்கள்.