ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்: நாற்பது தாண்டியவனின் விமர்சனம்

பிள்ளைகள் தூங்கிய பிறகு ஃபோனில், ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டுக்குள், சிங்கி இறால் பிடித்துக்கொண்டிருக்கிறேன். போர்ட் சரிமில் 30 காசு கொடுத்துப் படகேறி கரம்ஜா தீவு, அங்கே துறையில் கூண்டை இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பையில் 28 இடம்தான். கூண்டுக்கு ஒன்று, திரும்பி வரும் படகுக் காசுக்கு ஒன்று, மீதி 26 இறால். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குப் பார்த்துப் பார்த்து விளையாடிய அதே வேலை, அதே கரை!

விளையாட்டை உருவாக்கிய ஜாகெக்ஸ் நிறுவனம், ரூன்ஸ்கேப்பின் 2007 ஆகஸ்ட் மாதத்துப் பிரதி ஒன்றைத் தேடி எடுத்து, ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுத்து, 2013-ல் இதைத் திறந்தது. இன்றும் புதிதாக எதையாவது பெரிதாகச் சேர்க்க வேண்டுமென்றால் எங்களிடம் வாக்குக் கேட்கிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

பொறுமை இல்லாதவர்களுக்கு ஒத்துவராது. மீன்பிடிப்பு போன்ற ஒரு திறனில் 99-ஆம் நிலையைத் தொட 1,30,34,431 அனுபவப் புள்ளி வேண்டும், அதில் பாதி வருவது 92-ஆம் நிலையில்தான். இலவசப் பகுதி சின்னது, மாதச் சந்தா கட்டினால்தான் உலகம் விரியும். ஆனால் முதலில் சும்மா லம்பிரிட்ஜ் ஊரில் இறங்கி மாட்டுத்தோல் சேர்த்துப் பாருங்கள். அப்புறம் சந்தாவைப் பற்றி யோசிக்கலாம்.

அன்று என்னோடு விளையாட்டின் வர்ராக் நகர வங்கி வாசலில் நின்று அரட்டையடித்தவர்கள் யாரும் இப்போது நண்பர் பட்டியலில் ஆன்லைனில் இருப்பதாகப் பச்சையாகத் தெரிவதில்லை. இருந்தும் அவர்கள் பெயரை நான் நீக்கவில்லை.